பழைய தழும்பு சொல்லாத கதை: வயிற்றில் குழாய் வைக்கும் முன்

ஹட்டனுக்கு அருகே தோட்டத்து லயமொன்றில் வசிக்கும் என் பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு மாதமாகியும் விழுங்க முடியவில்லை. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வயிற்றில் நேரடியாகக் குழாய் வைக்கலாம் என்றார் வைத்தியர். சாரத்தைத் தளர்த்தியபோது தொப்புளுக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு.

"அல்சருக்கு வெட்டுனாங்க டொக்டர். கார்டு கூர ஒழுகி நனஞ்சி போச்சுங்க" என்றார் பெரியம்மா.

பெரிய வெட்டில்லாமல் இப்படிக் குழாய் வைக்கும் முறையை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கோடரர், பொன்ஸ்கி என்ற வைத்தியர்கள் முதன்முதலில் செய்தார்கள். வாய்வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, காற்றடித்து இரைப்பையை விரிப்பார்கள். உள்ளிருக்கும் வெளிச்சம் வயிற்றுத் தோலில் தெரியும். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் உள்ளே குழி விழுவதும் தெரிய வேண்டும். அங்கேதான் ஊசி இறங்கும்.

இரைப்பையில் பாதியை வெட்டியவருக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. மிஞ்சிய பகுதி சிறியது. விலா எலும்புக்குள் ஒதுங்கியிருக்கலாம். குடலோ ஈரலோ குறுக்கே வந்திருக்கலாம். தெரியாமல் குத்தினால் பெருங்குடல் ஓட்டையாகும் ஆபத்துண்டு.

அதற்காகக் குழாயே வைக்க முடியாது என்றில்லை. முதலில் சீ.டி. ஸ்கேனில் பாதையைப் பார்ப்பார்கள். பாதுகாப்பான இடம் கிடைத்தால் வழக்கம்போல் வைக்கலாம். இல்லாவிட்டால் சிறுகுடலில் வைக்கலாம், அல்லது சத்திரசிகிச்சை செய்து வைக்கலாம். எது சரி என்பதை முடிவுசெய்ய, அன்று எதை வெட்டினார்கள் என்ற தகவல் பெரிதும் உதவும்.

தோட்டங்களில் இந்தத் தழும்புள்ள முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அல்சருக்குக் காரணமான கிருமியை 1982இல் மார்ஷலும் வாரனும் கண்டறிந்து, மருந்தாலேயே குணமாக்கும் வழி பரவும்வரை, கத்திதான் பலருக்கும் வைத்தியமாக இருந்தது.

ஆகவே, பழைய ஒப்பரேஷனைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கார்டை போனில் படமெடுத்து வையுங்கள். வைத்த குழாய் கழன்றால், முக்கியமாக முதல் சில வாரங்களில், வீட்டில் திரும்பச் செருக வேண்டாம். துளை சில மணித்தியாலங்களிலேயே சுருங்கத் தொடங்கும். இரவானாலும் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

பெரியப்பாவுக்கு ஸ்கேன் எடுத்த பிறகே குழாய் வைத்தார்கள். புதிய கார்டு பொலித்தீன் உறைக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதன் படம் என் போனிலும் இருக்கிறது.