பட்டு நூலும் காரத்தின் வலிமையும்

ஆரணி, கலசப்பாக்கம் பக்கங்களிலே நெசவைப் பிழைப்பாகக் கொண்டோர்க்குப் பட்டு நூலே முதலும் செல்வமும் ஆகும். கூட்டினின்று இழுத்த கச்சாப் பட்டு ஒளியின்றி விறைத்திருக்கும். ஃபைப்ரோயின் என்னும் பட்டுப் புரதத்தைச் செரிசின் என்னும் பசை போர்த்தியிருத்தலே அதற்குக் காரணம். நூலின் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு இப்பசையே. சவுக்காரமும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலைக் காய்ச்ச, பசை கரைந்து பட்டு ஒளிபெறும். சோடாவுக்கு மாற்றாக எரிசோடாவைப் பெய்துவிட்டாலோ, பசையோடு பட்டும் சிதைந்து கரையும். நெசவாளன் முதல் நீரோடு போம். இரண்டும் காரங்களே, வேறுபாடு யாது?

ஈண்டு வலிமை, செறிவு என்னும் இரு சொற்களையும் மயங்காது கொள்ளல் வேண்டும். (மிளகாயின் உறைப்பையும் நாம் காரம் என்றே வழங்குகிறோம், ரசாயன நூலார் கூறும் காரம் அஃதன்று.) குறித்த அளவு நீரில் எத்துணைப் பொருள் கரைந்துள்ளது என்பது செறிவு. கரைந்ததில் எத்துணைப் பங்கு அயனிகளைத் தருகிறது என்பது வலிமை. அயனிக் கொள்கைக்கு 1884-இல் தம் ஆராய்ச்சிக் கட்டுரையால் வித்திட்டவர் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ். அந்நாளில் அதனை ஆசிரியர் பெரிதாக மதித்திலர்; 1903-இல் அதன்பொருட்டே நோபல் பரிசு அவரை அடைந்தது.

லிட்டருக்கு 0.1 மோல் எரிசோடாவைக் கரைத்தால் அது முற்றும் பிரிந்து ஹைட்ராக்சில் அயனிகளைத் தரும். அதே அளவு சலவைச் சோடாவிலோ நூற்றுக்கு நான்கைந்து பங்கே நீருடன் வினைபுரிந்து அவ்வயனிகளைத் தரும். செறிவு ஒன்றாயினும் தாக்கும் அயனிகள் இருபது மடங்குக்குமேல் வேறுபடுகின்றன. அமிலங்களிலும் இதுவே முறை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் முற்றும் பிரிய, காடியிலுள்ள அசிட்டிக் அமிலம் 0.1 மோல் செறிவில் ஆயிரத்துக்குப் பதின்மூன்றே பிரியும்.

வியப்பு யாதெனில், சம அளவான இவ்விரு அமிலங்களையும் தீர்க்க வேண்டும் எரிசோடா ஒரே அளவே! வல்லமிலம் நெல் முழுவதையும் முற்றத்தில் கொட்டிவைத்தவனை ஒக்கும். மெல்லமிலம் குதிரில் வைத்து வேண்டுந்தோறும் அளந்தெடுப்பவனை ஒக்கும். முற்றத்தில் உள்ளது செலவாகச் செலவாகக் குதிரிலுள்ளது வெளிவரும்.

பட்டுக்குச் சாயமேற்றுவோர் அசிட்டிக் அமிலத்தை விரும்புதலும் இதனாலேயே. பட்டின் அமினோத் தொகுதிகள் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்று நேர்மின்னேற்றம் பெற, அமிலச் சாயத்தின் எதிர்மின் அயனிகள் அவற்றைப் பற்றிக்கொள்ளும். கந்தகத் திராவகத்தை மிகுதியாக வார்த்தால், சாயம் விரைந்து பாய்ந்து முதலில் எதிர்ப்பட்ட இழைகளிலேயே ஏறித் திட்டுத்திட்டாய் நின்றுவிடும். அசிட்டிக் அமிலத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, நூலையும் இடையறாது புரட்டிவரின், கழியில் தொங்கும் நூல் முழுதும் ஒரே நிறமாய் ஏறும்.