உரலில் இடிபட்ட பல்

1544இல் மன்னாரிலே ஞானஸ்நானம் பெற்றோர் சுமார் 600 பேரைச் சங்கிலி மன்னன் வாளுக்கிரையாக்கியதையும், அவனைத் தண்டிக்கும்படி அர்ச். சவேரியார் போர்த்துக்கேய அதிகாரிகளை வற்புறுத்தியதையும் சென்ற இதழிற் கூறினோம். அத்தண்டனை, சவேரியார் இறந்து ஏறக்குறைய எட்டாண்டு கழிந்தபின், 1560இல், இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சாவின் கடற்படையோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. நல்லூர் வீழ்ந்ததும், பின்னர் மக்கள் கிளர்ந்தெழப் பறங்கியர் மன்னாருக்குப் பின்வாங்கிக் கோட்டை கட்டியதும் பலரும் அறிந்த வரலாறு. அவர்கள் கவர்ந்துசென்ற பொருள்களுள்ளே பொன்னிற் பதித்த பல்லொன்று இருந்ததென்றும், அது புத்தபிரானுடைய தந்ததாதுவெனக் கருதப்பட்டதென்றும் தியோகு து கூத்து என்னும் போர்த்துக்கேய சரித்திராசிரியர் எழுதியிருப்பதே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம். கிறிஸ்தவ அருளிக்கங்களைப் பற்றிய தொடரிலே பௌத்த தாதுவுக்கு என்ன வேலையென்று வாசகர் வினவலாம். அதற்குத் தீர்ப்பு வழங்கியவர்கள் கிறிஸ்தவ குருமாரே.

பெகு தேசத்தரசன் பயின்னவுங் அப்பல்லுக்கு மூன்று இலட்சம் குருசாதோவுக்குக் குறையாமற் கொடுக்க முன்வந்தான் என்பது கூத்துவின் கூற்று. கோவாவின் கருவூலமோ வறண்டு கிடந்தது, தளபதிகள் விற்றுவிடலாமென்றார்கள். அதிமேற்றிராணியார் கஸ்பாரும் தேவசாஸ்திரிகளும், விக்கிரக ஆராதனைக்கு உதவும் பொருளை விலைக்குக் கொடுப்பது சர்வேசுரனுக்கே துரோகமென வாதித்து வென்றனர். 1561இல், சபையார் பார்த்திருக்க, அதிமேற்றிராணியார் தம் கையாலேயே அதனை உரலிலிட்டு இடித்துப் பொடியாக்கி, நெருப்பிற் சொரிந்து, சாம்பலை ஆற்றிற் கரைக்கச் செய்தார். கைக்கெட்டிய திரவியத்தை உதறிய அந்தத் திடசித்தம், இக்காலத்து அரசாங்கங்களிடம் காணக்கிடையாத குணமாகையால், போற்றத்தக்கதே. ஆயினும் விவாதம் முழுவதும் விற்பதா அழிப்பதா என்பதிலே நின்றதேயன்றி, அப்பொருள் யாது என்பதிலே நிற்கவில்லை.

இதே கோவாவிலேதான், 1554இல், சவேரியாருடைய திருச்சரீரம் வந்திறங்கியது. சீனக் கரைக்கப்பாலுள்ள சான்சியான் தீவில் 1552 டிசம்பர் 3ஆந் திகதி இறந்தவரைச் சுண்ணாம்பிட்டுப் புதைத்து, சில மாதங்களின் பின் தோண்டியெடுத்து, மலாக்கா வழியாகக் கொணர்ந்திருந்தனர். உடல் அழியாதிருப்பதைக் கேட்ட அக்காலத்து இராசப்பிரதிநிதி, கொஸ்மே சறைவா என்னும் வைத்தியரை அனுப்பிச் சோதிப்பித்தார். வைத்தியரும் தாம் கண்டதைச் சத்தியஞ்செய்து சாட்சியாக உரைத்தார். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிச் சிதைவைத் தாமதிப்பிக்கவுங் கூடும் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சொல்வர். எனினும், கண்ணாற் கண்டதைப் பதிவு செய்து வைத்தமையாலன்றோ நாம் இன்று அதனைப்பற்றித் தர்க்கிக்க முடிகிறது! தம்முடைய அருளிக்கத்துக்கு வைத்தியரையும் அயலாருடையதற்கு உரலையும் வைத்த அந்நகரத்தாரின் நியாயம் எமக்கு ஒப்பவில்லை.

பல் இடிபட்ட இரண்டாம் ஆண்டிலே, 1563 டிசம்பரில், திரிதெந்தீன் பொதுச்சங்கம், மேற்றிராணியார் ஆராய்ந்து அங்கீகரியாத புதிய அருளிக்கம் எதனையும் ஏற்கலாகாதென்று விதித்தது. 1988இல், இயேசுநாதரின் திருச்சரீரத்தைப் போர்த்தியதெனப் பலர் நம்பும் தூரின் நகரத்துப் போர்வையின் துண்டுகளை மூன்று ஆய்வுசாலைகளுக்குக் கொடுத்ததும், அது 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டதென்று வந்த முடிவை அந்நகர அதிமேற்றிராணியாரே வெளியிட்டதும் அம்மரபின் தொடர்ச்சியெனலாம். அம்முடிவை ஒப்பாதார் இன்றும் உளர். ஒப்பாமைக்கு நியாயங் கூறவும் துணி இருக்கிறதே!

யாழ்ப்பாணத்துப் பல்லுக்கு அவ்வாய்ப்பில்லை. ஒரு பல் யாருடையதென்று சொல்ல விஞ்ஞானத்துக்குச் சக்தி போதாதாயினும், மனிதனுடையதன்று, அல்லது அத்தனை பழையதன்று என்று மறுக்கும் சக்தி நிரம்ப உண்டு. ஐரோப்பியரிற் சிலர் அதைக் குரங்கின் பல்லென்றனர். கோட்டை அரசன் தருமபாலன் தன்னிடமிருந்ததே உண்மைத் தாதுவென்று பெகுவுக்கு ஒன்றை அனுப்பினான். கண்டியரோ, மெய்யான தாது இரத்தினபுரியை அடுத்த தெல்கமுவையில் ஒளித்துவைக்கப்பட்டிருந்து தம்மிடமே வந்ததென்கின்றனர். அழித்தால் வழிபாடு ஒழியுமென்று கருதிய கஸ்பார், போட்டிக்கு நின்றிருக்கக்கூடிய பல்லொன்றை அகற்றி, கண்டியின் தலதா மாளிகைக்கு உபகாரமே செய்துவிட்டார்.

அடுத்த வாரம், மயிலாப்பூரிலே அர்ச். தோமையாரின் கல்லறையெனப் போர்த்துக்கேயர் 1523இல் தோண்டிய குழியைப் பார்ப்போம்.