தானியங்கி வாயிற்கதவும் அதன் கோளாறுகளும்

தோப்பும் தோட்டமும் உடையோர் பலர், பொத்தானை அமுக்கிய மாத்திரத்தில் தானே நகரும் இரும்புக் கதவைப் பண்ணை வாயிலில் அமைத்திருக்கின்றனர். தேங்காய் லாரியும் டிராக்டரும் வந்து போவதற்கு இது மிக்க சௌகரியமானது. ஆயின் கதவு நின்றுவிட்டால் உடனே மோட்டாரைக் குறைகூறுவது வழக்கமாயிருக்கிறது. பலமுறையும் கோளாறு மோட்டாரில் அன்று, கதவிலேயே இருக்கும். ஆகவே பக்கவாட்டில் ஓடும் கதவு உடையோர் கீழ்க்கண்ட வரிசையில் சோதித்தல் நலம்.

1. கையால் தள்ளிப் பார்த்தல்.— முதலில் மெயின் சுவிட்சை அணைக்க. பாட்டரி இருப்பின் அதன் இணைப்பையும் நீக்குக. மோட்டார்ப் பெட்டியிலுள்ள சாவியைத் திருப்பினால் கதவு பொறியினின்று விடுபடும். அப்போது ஒருவர் தள்ள அது எளிதில் நகராவிடின், பிழை கதவினுடையதே. தண்டவாளத்தில் கல்லோ மட்டையோ சிக்கியிருக்கலாம்; உருளையின் பேரிங்கு துருப்பிடித்திருக்கலாம்; மழையில் அடித்தளம் இறங்கிக் கதவின் பாரம் பற்சக்கரத்தின்மேல் விழுந்திருக்கலாம். கதவின் பல்சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இவற்றைச் சீர்செய்யாமல் மோட்டாரின் விசையைக் கூட்டுதல் பெருந்தவறு. விசை மிகுந்த கதவு, குறுக்கே நிற்பது குழந்தையாயினும் கன்றாயினும் உடனே நில்லாது நெருக்கிவிடும்.

2. மின்சாரம்.— கதவு எளிதில் நகருமாயின் மின்சாரத்தைக் கவனிக்க. பல பம்புசெட்டுகள் ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழும். வீட்டிலிருந்து வாயில்வரை மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இழுத்திருப்பின் இன்னும் தாழும். மோட்டார் உறுமியும் சுழலாவிடில், இக்குறையோ கண்டென்சரின் பலவீனமோ காரணமாகலாம். சுவிட்சை அணைத்த பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால் அதனைத் தொடலாகாது. எலக்ட்ரீஷியனே மாற்றத் தக்கவர். சோலார் தகட்டால் இயங்கும் பொறியில், 12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்தது. 12க்குக் கீழிறங்கினால் பெரிதும் தீர்ந்தது எனக் கொள்க.

3. ரிமோட்.— ஒரு ரிமோட் வேலை செய்யாமல் மற்றொன்று வேலை செய்யுமாயின், முன்னதன் பாட்டரியை மாற்றிப் பார்க்க. அருகில் சென்றால்தான் கதவு திறக்கிறதெனினும் அதுவே முதற் பரிகாரம்.

4. சென்சார்.— கதவு திறந்து, ஆனால் மூட மறுத்தால், அல்லது மூடுகையில் மீண்டும் திறந்துகொண்டால், இரு தூண்களிலுமுள்ள சென்சார்களைப் பார்க்க. புல்லோ சிலந்திவலையோ சேறோ மறைத்திருக்கும். மாடு உராய்ந்து அவை கோணியிருப்பதும் உண்டு. துடைத்து எதிரெதிரே நேர்படுத்துக. தொல்லை தீர வேண்டிச் சென்சாரைத் துண்டித்துவிட்டுக் கதவை ஓட்டுவோர் சிலர் உளர். உயிருக்கு அபாயமான இச்செயலை ஒருகாலும் செய்யலாகாது.

5. பெட்டியின் உட்புறம்.— எறும்பும் பல்லியும் கண்ட்ரோல் போர்டில் புகுந்து அதனைக் கெடுக்கும். கம்பி நுழையும் துளைகளை நன்கு அடைத்தல் வேண்டும்.

மாதம் ஒருமுறை தண்டவாளத்தைப் பெருக்குக. பல்சட்டத்துக்குக் கிரீஸ் இடவேண்டாம். மண் ஒட்டிப் பற்களைத் தேய்க்கும். பின்னர் மூடும் கதவின் வழியில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்துப் பார்க்க. கதவு நின்று திரும்பவேண்டும். திரும்பாவிடில், பழுது தீரும்வரை மின்சாரத்தை நிறுத்திக் கையால் தள்ளுவதே உத்தமம்.