பாட்டி மறைத்த காயம்

சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் பாட்டி முழுக்கைச் சட்டை அணிந்திருந்தார். இந்த வெயிலில் எதற்கு முழுக்கை என்று கேட்டதற்குக் “குளிருது” என்றார். முறுக்கு டின்னை எடுக்கக் கையை உயர்த்தியபோது சட்டை நழுவியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

பத்து நாளுக்கு முன்பு விழுந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

“உங்கப்பாகிட்ட சொல்லிடாத கண்ணு,” என்றார். என் பாட்டிக்கு வயது 79. தோ பாயோவில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கெஞ்சிக் கேட்டு இதுவரை அவர் எதையும் மறுத்ததில்லை. அவர் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அன்றுதான் முதல்முறை.

ஏன் மறைத்தார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஈராண்டுக்கு முன் அவர் முதல்முறை விழுந்தபோது எங்கள் வீட்டில் பெரிய கூட்டமே நடந்தது. பணிப்பெண் வைக்கலாம் என்றார் அப்பா. தாதிமை இல்லத்தைப் பற்றிப் பேசினார் அத்தை. மூன்று மாதத்திற்கு ஒரு வீடு என்று மாறி மாறி வைத்துக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. பாட்டி அதே நாற்காலியில், அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. இன்னொரு முறை விழுந்தால் வீடு போய்விடும் என்பதுதான் அன்று அவர் கற்றுக்கொண்ட பாடம்.

கடைசியில் வீட்டைப் பாதுகாப்பாக மாற்றுவது என்று முடிவானது. வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்திற்கு நான்தான் விண்ணப்பித்தேன். 2012இல் தொடங்கிய இத்திட்டத்தில் குளியலறைத் தரையை வழுக்காதபடி செய்து தருவார்கள். கைப்பிடிக் கம்பிகளும் சாய்தளமும் அமைத்துத் தருவார்கள். வீட்டு வகையைப் பொறுத்து, குடிமக்களுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை கழிவு உண்டு. 65 வயதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து மடக்கும் குளியல் இருக்கை போன்றவையும் சேர்க்கப்பட்டுள்ளன. உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் இன்னும் செய்யவில்லை என்றால், இந்த வாரமே அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

கம்பிகள் வந்தன. எனக்கு ஒரே பெருமை. அதோடு நிற்காமல், ஒருநாள் பாட்டி பாசாருக்குப் போயிருந்தபோது சமையலறையில் மேல்தட்டில் இருந்த டப்பாக்களை எல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றிவைத்தேன். எட்டி எடுக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

பிறகும் ஏன் விழுந்தார்?

அவர் விழுந்தது கம்பிக்குப் பக்கத்தில் இல்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள உயரமான படியில். துவைத்த சேலைகளோடு வாளியை இரண்டு கையாலும் தூக்கிவந்தபோது கால் தட்டியிருக்கிறது. இரண்டு கையிலும் வாளி இருந்தால் கம்பி இருந்து என்ன பயன்? பாட்டி சேலையைச் சலவை இயந்திரத்தில் போடமாட்டார் என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆனாலும் படிக்குச் சாய்தளம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. நான் மாற்றிவைத்த டப்பாக்களும் தொல்லைதான். எட்டுவதில் பாட்டிக்குச் சிரமம் இருந்ததே இல்லையாம். குனிந்து நிமிர்ந்தால்தான் தலை சுற்றுமாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் மூத்தோர் பலருக்குச் சட்டென எழும்போது அப்படி வருவதுண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாள் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. படிப்பில் மனம் போகவில்லை. அடுத்த முறை இடுப்பெலும்பு முறிந்தால் அந்த மௌனத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சொல்லிவிட்டாலோ, பாட்டி இனி என்னிடமும் கையைக் காட்டமாட்டார். மூன்றாம் நாள் அவரிடம் போய், “நீங்களே சொல்லுங்க பாட்டி. நான் பக்கத்துல இருக்கேன்,” என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தினக்காலண்டரில் கிழித்த தாள்களையும் ஒரு பேனாவையும் எடுத்தார்.

தீபாவளியன்று மாலை அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் பேசினார். அப்பா குரலை உயர்த்தினார். அத்தை மறுபடியும் தாதிமை இல்லம் என்றார். பாட்டி வாசித்துக்கொண்டே போனார். படிக்குச் சாய்தளம் வேண்டும். போர்வை, விரிப்பு எல்லாம் இயந்திரத்துக்கு. சேலை மட்டும் கையால், அதுவும் முக்காலியில் உட்கார்ந்து, சின்ன வாளியில். சாவி ஒன்று எதிர்வீட்டு மக்சிக்கிடம் இருக்கும். வாரம் இரண்டு நாள் புளோக்குக்குக் கீழே உள்ள துடிப்புடன் மூப்படைதல் நிலையத்துக்குப் போவார். கூடத்தில் கேமரா வைக்கலாம் என்றான் என் தம்பி. “நான் எப்பத் தூங்குறேன், எப்ப எந்திரிக்கிறேன்னு பாக்க நான் என்ன தொட்டி மீனா?” என்று கேட்டார். கேமரா பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு மருத்துவர் பரிந்துரையில் ஒரு சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்தார். சுவரையும் தரையையும் அளப்பார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்துகொண்டு, “எனக்கு ஒரு டீ போட்டுத் தருவீங்களா?” என்றார். பாட்டி டீ போடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தளர்ந்துபோன செருப்பு, மிகத் தாழ்வான நாற்காலி, இரவில் கழிவறைக்குப் போகும் இருட்டு வழி என்று நாங்கள் ஈராண்டாகப் பார்க்காததை எல்லாம் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

விழுந்தால் எப்படி எழுவது என்றும் சொல்லிக்கொடுத்தார். உடனே எழ முயலக்கூடாது. முதலில் மூச்சுவிட்டு, எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். கடும் வலி இருந்தால் அசையாமல் 995ஐ அழைக்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உறுதியான நாற்காலிவரை தவழ்ந்து போய், ஒரு காலை ஊன்றி எழ வேண்டும். பாட்டி மெத்தையில் பழகினார். நானும் செய்து பார்த்தேன். பாட்டி சிரித்த சிரிப்பில் மக்சிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் மூத்தோர் நடமாட்டத்தைக் குறைத்தால் கால் தசைகள் இன்னும் தளரும், விழும் வாய்ப்பு கூடும் என்றும் அவர் சொன்னார். “எதையும் தொடாதீங்க பாட்டி, நானே செய்றேன்,” என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறார்கள். மூத்தோருக்கு உதவுவதென்றால் திறன்பேசி சொல்லிக்கொடுப்பது என்றே என் வயதினர் பலர் நினைக்கிறோம். என் பாட்டியோ எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சாலை கடக்கும் இடத்தில் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு கூடுதலாகச் சில விநாடி நிற்கும் என்பது அவர் காட்டித்தான் எனக்குத் தெரியும்.

சாய்தளம் வந்துவிட்டது. டப்பாக்கள் மேல்தட்டுக்குத் திரும்பிவிட்டன. போன வாரம் விரிவுரை நடக்கும்போது பாட்டி அழைத்தார். பதறிப்போய் வெளியே ஓடினேன்.

“நேத்து கால் லேசா வழுக்குச்சு. விழல. சொல்லணும்னு சொன்னியே, அதான் சொல்றேன். உங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாங்க பாட்டி?”

“புதுச் செருப்பு வாங்கிட்டு வரானாம். அளவு கேட்டான்.”