இயந்திரத்திற்கும் நாடி உண்டு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நாடி பிடித்து நோயைச் சொல்லும் வைத்தியரை நாம் அறிவோம். இயந்திரத்திற்கு நாடி பார்ப்பவரை அறிவோமா? என் தந்தையார் அத்தகைய ஒருவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக இருப்பவர். ஓடும் மோட்டாரின் பேரிங் இருக்குமிடத்தில் திருப்புளியின் முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "இது பத்து நாள் தாங்காது" என்பார். ஒருமுறை அவர் சொன்னதை மேலே உள்ளவர்கள் பொருட்படுத்தவில்லை. பேரிங் இறுகி மோட்டார் எரிந்தது. பழி அவர்மேலேயே விழுந்தது. காது கேட்டதற்குச் சாட்சி ஏது?

அந்தச் சாட்சியை இன்று செயற்கை நுண்ணறிவு தர முயல்கிறது. அதன் அடிப்படை, நாம் முதலாண்டில் படித்த அதிர்வெண்ணே.

பேரிங் என்பது இரு வளையங்களும் அவற்றிடையே உருளும் குண்டுகளும் ஆகும். உள்வளையம் தண்டோடு சுழலும், வெளிவளையம் அசையாது. வெளிவளையத்தில் சிறு குழி விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கையில் ஒரு தட்டு எழும். உள்வளையத்தில் விழுந்தால் தட்டுகளின் எண்ணிக்கை மாறும். ஆகவே தட்டுகளை எண்ணினாலே குழி எங்கே என்று சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார், 2 குதிரைத்திறன் மோட்டாரின் பேரிங்குகளில் 0.007 அங்குலம் முதலான விட்டமுள்ள குழிகளை மின்பொறியால் வேண்டுமென்றே உண்டாக்கினர். அதிர்வை விநாடிக்கு 12,000 முறை அளந்து, எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். அங்குள்ள 9 குண்டுப் பேரிங்கில், தண்டின் ஒரு சுற்றுக்கு வெளிவளையக் குழி சுமார் 3.58 தட்டும், உள்வளையக் குழி 5.42 தட்டும் தரும். இரண்டையும் கூட்டினால் 9 வருவதைக் காண்க! நிமிடத்திற்கு 1,797 சுற்று ஓடுகையில் இவை விநாடிக்கு ஏறத்தாழ 107, 162 தட்டுகள் ஆகின்றன.

கணக்கே போதுமெனில் செயற்கை நுண்ணறிவு எதற்கு? ஆலையில் பற்சக்கரம், பெல்ட், அண்டை இயந்திரம் என எல்லா அதிர்வும் கலந்து வரும். குண்டுகள் சற்று வழுக்குவதால் தட்டும் கணக்குப்படி விழுவதில்லை. எனவே 'நல்லது', 'கெட்டது' எனப் பெயரிட்ட ஏராளமான அதிர்வுத் துணுக்குகளைக் கணினிக்குக் காட்டுகிறார்கள். தவறும்போதெல்லாம் அது தன் எண்களைத் திருத்தித் திருத்தி வேறுபாட்டைக் கற்கிறது. தந்தையாரின் காதும் இப்படித்தான் கற்றது.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மேற்கூறிய பதிவுகளில் நூற்றுக்கு நூறை நெருங்கும் வெற்றி கண்டதாகப் பல ஆய்வுக் கட்டுரைகள் கூறின. ஆனால் ஒரே பேரிங்கின் பதிவைத் துண்டாக்கி, ஒரு பகுதியைப் பாடத்திற்கும் மறுபகுதியைத் தேர்வுக்கும் வைத்தால், அது வினாத்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வெழுதிய கதைதான். கணினி நோயைக் கற்கவில்லை. நோயாளியின் முகத்தை மனப்பாடம் செய்தது. முன்பு காணாத பேரிங்கைக் கொடுத்துச் சோதிப்பதே நேர்மையான தேர்வு.

விடுமுறையில் இதைத் தந்தையாரிடம் சொன்னேன். சிரித்தார். "புது மில்லுக்குப் போனால் எனக்கும் ஒரு மாசம் காது பிடிபடாதுப்பா" என்றார்.

கருவி வந்தால் காது வேண்டாம் என்பார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆயினும், எது நல்லது, எது கெட்டது என்று முதலில் பெயரிட ஒருவர் வேண்டுமன்றோ? அவர் திருப்புளி பிடித்தவராக இருக்கட்டும். அவர் கேட்டதை எண்ணில் எழுதிக் காட்டவே நான் படிக்கிறேன்.