பராமரிப்புப் பணியாளருக்குக் கொடுப்பது: ஜகாத்தா, ஸதகாவா, சம்பளமா?

"உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். கஷ்டப்படுகிறவர்தான். இந்த வருட ஜகாத்தை அவருக்கே கொடுத்துவிடலாமா?" ரமலான் நெருங்கும்போது நம் அலுவலகத்துக்கு இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடிவதில்லை. அதனால்தான் இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

'ஹோம் நர்ஸ்' என்று நாம் சொன்னாலும் இவர்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் அல்லர். பெரும்பாலும் கணவரை இழந்தவர்கள், அல்லது கணவர் இருந்தும் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் இவர்கள் வேலை. தன்னைவிட எடை கூடிய ஒருவரைத் தினமும் தூக்கித் தூக்கியே இடுப்பு போய்விடுகிறது. ஏஜென்சி மூலம் வருபவராக இருந்தால், வீட்டார் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு அங்கே போய்விடும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்பதெல்லாம் இவர்களில் பலருக்குக் கேள்விப்பட்ட பெயர்கள் மட்டுமே.

இவர்கள் பிழைப்பில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு நாள் உண்டு. அது நோயாளி இறக்கும் நாள். மய்யித்தை எடுத்த அன்றே அவருக்கு வேலையும் முடிந்துவிடுகிறது. துக்க வீட்டுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். ஒன்றரை வருடம் அந்தப் பெரியவரின் அருகிலேயே படுத்து எழுந்தவர், அழுத கண்ணோடு பையைக் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போகிறார். அடுத்த வீடு பத்து நாளில் கிடைக்கலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் காத்திருப்பதில்லை.

நம் அறக்கட்டளையின் உதவி இந்த இடைவெளிக்குத்தான். ஆரம்பத்தில் நாங்கள் இதை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தோம். நல்ல நோக்கம்தான், ஆனால் கணக்குத் தவறு. கடனை அடைக்க வேண்டுமே என்று, இடுப்பு வலியோடு கிடைத்த முதல் வீட்டுக்கே, சொன்ன சம்பளத்துக்கே போனார்கள். ஓய்வு கொடுப்பதற்காகக் கொடுத்த பணம் ஓய்வைப் பறித்துவிட்டது. இப்போது ஒரு மாத வாடகையும் மளிகையும் திருப்பித் தர வேண்டாத உதவியாகவே தருகிறோம். கடைசியாக வேலை பார்த்த வீட்டுக்கு ஒரு தொலைபேசி, அவ்வளவுதான் விசாரணை. புகைப்படம் எடுப்பதில்லை. காதில் தோடு கிடக்கிறது, கையில் செல்போன் இருக்கிறது என்று மனுவை ஒதுக்குவதும் இல்லை. அந்தச் செல்போனில்தான் அடுத்த வேலைக்கான அழைப்பு வர வேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். அவர் செய்த வேலைக்கு நாம் தருவது கூலி, அது அவருடைய உரிமை. அதை ஜகாத் கணக்கில் எழுத முடியாது. பேசிய சம்பளத்தைக் குறைத்துவிட்டு, மிச்சத்தை "ஜகாத்" என்று பெருநாளுக்குக் கொடுப்பதும் அதே வகைதான். இப்படி நடக்கிறது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடக்கிறது. அதிக நேரம் வேலை வாங்கியிருந்தால் அதற்கான பணமும் கூலியில்தான் சேரும்.

முழுச் சம்பளமும் கொடுத்த பிறகும் அவர் ஏழையாகவோ கடன்பட்டவராகவோ இருந்தால், குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினருக்குள் அவர் வந்துவிடுகிறார். அப்போது ஜகாத் தாராளமாகக் கொடுக்கலாம். அதைக் காட்டி கூடுதல் வேலை கேட்கக் கூடாது. ஜகாத் முஸ்லிம்களான ஏழைகளுக்கு உரியது என்பது பெரும்பாலான ஆலிம்களின் நிலை. ஆனால் நம் வீடுகளுக்கு வரும் பணியாளர்களில் பிற சமயத்தவரும் நிறையப் பேர். ஸதகாவுக்கு அந்த எல்லை இல்லை. எனவே இந்த உதவிக்கென்று இரண்டு கணக்குகளைத் தனித்தனியே வைத்திருக்கிறோம். மனு கொடுப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இருவருக்கும் தொகை ஒன்றே. நன்கொடை தருவோர் எந்தக் கணக்குக்கு என்று ரசீதில் குறிக்கச் சொன்னால் போதும். ஸதகா கணக்குதான் சீக்கிரம் காலியாகிறது.

பணத்தோடு இன்னொரு வேலையும் செய்கிறோம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. பதிவு செய்தவருக்குப் பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து மரண நிதி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 16 முதல் 59 வயது வரையுள்ள, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளர்கள் சேரலாம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு மேற்படாத குடும்பமாக இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் கிடைக்கும். இதற்கு கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று தேவை. வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டில் இருப்பவர் அந்த அலுவலகத்துக்கு எப்போது போவார்? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நம் இளைஞர்கள் இருவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, நேரில் வர வேண்டிய ஒரு நாளுக்கு மட்டும் அவரை அழைக்கிறார்கள். அந்த ஒரு நாள் விடுப்பைச் சம்பளம் பிடிக்காமல் கொடுங்கள்.

வெள்ளி தவிர மற்ற நாள்களில் அஸருக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றின் நகல் போதும். பணியாளர்தான் வர வேண்டும் என்பதில்லை. பெரியவர் வஃபாத்தான வீட்டாரே, அவர் ஊருக்குக் கிளம்புமுன் அவருடைய எண்ணை எங்களுக்குச் சொன்னாலும் நாங்கள் அழைத்துப் பேசுவோம்.