பிள்ளை முந்திக்கொண்டால்

வளர்ந்த பிள்ளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுக்கும் பெற்றோரின் துக்கம், பயாப்ஸி முடிவு வந்த அன்றே தொடங்கிவிடுகிறது. கீமோ, ஸ்கேன், கொஞ்சம் தேறுதல், மறுபடி நோய் என்று மாதங்கள் ஓடும். இழப்புக்கு முன்பே வரும் இந்தத் துக்கத்தை அமெரிக்க மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944-இலேயே குறிப்பிட்டார். முன்பே அழுது தீர்த்தவர்களுக்குப் பின்னால் வலி குறையும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.

இறந்தவர் மணமானவர் என்றால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சிகிச்சை பற்றிய முடிவுகளைக் கணவனோ மனைவியோ எடுப்பார்கள். டாக்டரின் அறைக்குள் மருமகள் போக, அப்பா ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார். துக்கம் விசாரிக்க வருபவர்களும், "சின்னப் பொண்ணு, இனி என்ன பண்ணும்?" என்று மருமகளுக்குத்தான் இரங்குவார்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சோறூட்டும் அவசரத்தில் அம்மாவின் அழுகை அடுப்படியோடு நின்றுவிடும். சட்டமும் தாய், தந்தை இருவரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை: உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்துக்கு, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய் முதல் வகுப்பு வாரிசு, தந்தை இரண்டாம் வகுப்புதான்.

சாவைப் பற்றி நோயாளியிடம் பேசலாமா? 17 வயதுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டு, 25 வயதுக்குள் இறந்தவர்களின் பெற்றோரிடம் ஸ்வீடனில் விசாரித்தார்கள். 2004-இல் முடிவு வெளியானது. பேசிய 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 27 சதவீதத்தினர் வருந்தினார்கள். சற்று மூத்த பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதென்றாலும், பேச்சை மாற்றிக்கொண்டே இருக்கும் நம் வீடுகள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

"மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள்" என்ற ஆறுதலுக்கு ஒரு காலத்தில் அறிவியலின் ஆதரவும் இருந்தது. இறந்தவரிடமிருந்து மனம் விடுபடுவதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1920-இல் அவருடைய 26 வயது மகள் சோஃபி ஃப்ளூவில் இறந்தாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பவும் வேண்டாம் என்ற கருத்தைத்தான் அவரே சொன்னார். பிள்ளைகளை இழந்த பெற்றோரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டென்னிஸ் கிளாஸ் முதலியோர், இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பே என்று 1996-இல் நூலாகவே எழுதினார்கள். மகனின் போன் நம்பரை அழிக்காமல் வைத்திருப்பது நோயல்ல.

நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-இல் இன்னொன்றைச் சொன்னார்கள்: மனம் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் இடையே மாறிமாறிப் போய்வரும். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பதில்லை. அவள் மகனைப் பற்றிப் பேச நினைக்கும்போது அவர் கடைக்குக் கிளம்புவார். பாசமில்லாதவர் என்ற பழி அங்கேதான் பிறக்கிறது.

பெரும்பாலோர் காலப்போக்கில் வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். சிலருக்கு ஏக்கம் குறையாமல் அன்றாடமே முடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 6 மாதத்துக்குப் பிறகும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 12 மாதத்துக்குப் பிறகும் இதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்கின்றன. இதற்கென்றே கேத்ரின் ஷியர் 16 அமர்வுகள் கொண்ட பேச்சு சிகிச்சையை வகுத்தார். அவர் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு மாத்திரையான சிட்டலோபிராம் துக்கத்தை அசைக்கவில்லை. பேச்சு சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது மனச்சோர்வை மட்டும் கூடுதலாகக் குறைத்தது.